ரோமியோ தவளைக்கு ஜோடி கிடைச்சாச்சு... ஆனா வீடு?

ஒரு தவளைக்கு டேட்டிங் தளத்தில் ப்ரொஃபைல்! 2018 காதலர் தினத்தையொட்டி இது நிஜமாகவே நடந்தது. பெயர் ரோமியோ. ஊர், தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் கோச்சபம்பா. அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தொட்டியில் சுமார் 10 ஆண்டுகளாகத் தனியாகவே இருந்தது. தேடிப் போனவர்களுக்கு அதன் இனத்தில் இன்னொன்று சிக்கவே இல்லை. துணையைக் கூப்பிடும் குரலும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த ப்ரொஃபைல் மூலம் 25,000 டாலர் திரண்டது. அந்தப் பணத்தில் ஆய்வாளர் தெரசா கமாச்சோ படானியின் குழு கர்ராஸ்கோ தேசியப் பூங்காவின் மலை ஓடைகளில் இறங்கித் தேடியது. கிடைத்தவை 5 தவளைகள். அதில் ஒரு பெண் தவளைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? ஜூலியட்டேதான். 2019 ஜனவரியில் செய்தி வந்ததும் இணையமே கொண்டாடியது.

பெரும்பாலானவர்களுக்குக் கதை அதோடு முடிந்துவிட்டது. உண்மையான சிக்கல் அந்த ஓடையில் இருக்கிறது.

ஓடையில் என்ன பிரச்சினை?

செஹுவென்காஸ் நீர்த்தவளை ஆண்டிஸ் மலையின் மேகக் காடுகளில், குளிர்ந்த ஓடைத் தண்ணீருக்குள்ளேயே வாழ்வது. தவளைக்குத் தோல் வெறும் போர்வை இல்லை. தண்ணீரை உறிஞ்சுவது தோல் வழியாகத்தான், மூச்சில் ஒரு பங்கும் அதன் வழியாகத்தான். கைட்ரிட் என்ற பூஞ்சை குறிவைப்பதும் அதே தோலைத்தான். தோல் தடித்து, உடலின் உப்புச் சமநிலை குலைந்து, கடைசியில் இதயமே நின்றுவிடும். இந்தப் பூஞ்சையால் உலகம் முழுக்க குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் சரிந்திருப்பதாகவும், அதில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அடுத்தது ட்ரௌட் மீன். வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இது, தலைப்பிரட்டைகளை விழுங்கிவிடும். மலைக் கிராமங்களுக்கு இது சாப்பாடு, வருமானம். அதனால் மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போதாததற்கு அந்தப் பூங்காவுக்குள்ளேயே இவிரிசு நீர்மின் திட்டமும் வந்திருக்கிறது. அதில் ஒரு மின்நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? செஹுவென்காஸ்!

தொட்டியில் வளர்ப்பது வேண்டாத வேலை என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லையென்றால் இந்த இனத்தைக் காப்பாற்ற அவகாசமே இல்லை. ஆனால் குஞ்சு பொரித்தால் அவற்றை எங்கே கொண்டுபோய் விடுவது? ஒரு மலைத்தொடர் முழுக்கப் பூஞ்சையைத் துடைத்தெடுக்க இன்றைக்கு வழியில்லை. மீனை எடுக்க வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகள் சிலவற்றில் வலைபோட்டு ட்ரௌட்டை அகற்றினார்கள், அங்கே தவளைகள் மறுபடி பெருகின. கர்ராஸ்கோவில் எல்லா ஓடையிலும் இதைச் செய்ய முடியாது. அருவிக்கு மேலே, மீன் திரும்ப ஏற முடியாத சில ஓடைகளிலாவது தொடங்கலாம். அடுத்த முறை ரோமியோ பெயரில் பணம் திரட்டினால், முதல் செலவு அந்த வலைக்குப் போகட்டும்.