உடன் சுதந்தரவாளிகள்



கொடைக்கானலுக்குக் கீழே, பெரியகுளத்திலிருந்து ஏறும் பழைய மலைப்பாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒற்றையடிப் பாதையே அவ்வூருக்கு வழி. விளைச்சல் தலைச்சுமையாகவும் குதிரைமேலும் சந்தைக்குச் சென்றது. நோயாளிகளை டோலி கட்டிச் சுமந்தார்கள்.

இப்படி மலைக்காடுகளில் வாழ்ந்தோர் அநேகர், தாங்கள் பண்படுத்திய நிலத்திற்குப் பட்டாவின்றித் தவித்தார்கள். அவர்களுக்கென வந்ததே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன்படி கிடைக்கும் நிலம் பிள்ளைகளுக்குச் சேரும்; ஆனால் அதை விற்க இயலாது. மணமானவராயின் உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும்.

வேதத்தை அறிந்த நமக்கு இவை புதியவையா? பிதாக்களின் சுதந்தரத்தை ராஜாவுக்கும் விற்க மறுத்தான் நாபோத் (1 இராஜாக்கள் 21). செலொப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பனின் பங்கைக் கேட்டபோது, கர்த்தர் அவர்களுக்கே தீர்ப்புச் செய்தார் (எண்ணாகமம் 27).

காட்டிலே மனைவிக்குக் கிடைத்த கனம் நகரத்தில் நம் வீட்டில் உண்டா? தாராவியில் புதிய வீட்டிற்காகக் காத்திருக்கும் சகோதரரே, 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்கான சான்றுகளைத் தேடிச் சேர்க்கிறீர்கள். கடனை அடைக்கத் தன் நகையைக் கழற்றிக் கொடுத்தவளின் பெயர் அந்தத் தாள்களில் எங்கே? வீடு கிடைக்கும் நாளில் இருவர் பெயரையும் எழுதக் கேளுங்கள். தரகர் பணத்தோடு வந்தால், அவளைக் கேளாமல் கையொப்பமிடாதீர்கள்.

மனைவியைக் கனம்பண்ணாதவனின் ஜெபம் தடைப்படும் என்று பேதுரு எச்சரிக்கிறார் (1 பேதுரு 3:7). உபவாசமிருந்தும் பதில் வராத வீடுகள் இதை ஆராய்ந்து பார்க்கட்டும்.

கர்த்தர் உங்கள் வீட்டைக் கட்டுவாராக. ஆமென்.