எண் மட்டும் போதாது

வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பரிசோதித்துக் குறிப்பேட்டில் எழுதி வருவோர் பெருகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் அக்குறிப்பேடுகளைப் பார்க்கும்போது ஒரு முரண்பாட்டை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். நேற்று 142 ஆக இருந்தது இன்று 151 ஆகிவிட்டதே என்று கலங்குபவர்கள், இன்சுலினை எந்தச் சிரிஞ்சில் ஏற்றுகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. துல்லியம் அவ்வளவாகத் தேவைப்படாத இடத்தில் கவலையும், அது உயிரைக் காக்கும் இடத்தில் அலட்சியமும் நிலவுகின்றன. இந்நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் கவலையைப் பார்ப்போம். வீட்டு குளுக்கோமீட்டருக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதி, ஆய்வக அளவு 100 அல்லது அதற்கு மேல் இருக்கையில், கருவியின் முடிவுகளில் 95 விழுக்காடு அந்த அளவுக்கு 15 விழுக்காடு முன்பின்னாக இருக்கலாம் என்று ஏற்கிறது. அதாவது உண்மை அளவு 150 எனில், நல்ல கருவியும் 128 என்றோ 172 என்றோ காட்டலாம். எனவே 142க்கும் 151க்கும் இடையே நாம் வருந்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஒரு வாரத்து எண்களைச் சேர்த்துப் பார்த்து, அவை ஏறுமுகமா இறங்குமுகமா என்று அறிவதே பயன் தரும். ஆனால் 70க்குக் கீழே காட்டினால் காத்திருக்கக் கூடாது. உடனே சர்க்கரையோ குளுக்கோசோ உட்கொள்ள வேண்டும்.

இனி அலட்சியத்திற்கு வருவோம். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட இன்சுலினும் 100 யூனிட் கொண்ட இன்சுலினும் விற்பனையாகின்றன. இரண்டிற்கும் தனித்தனிச் சிரிஞ்சுகள் உண்டு. பெரும்பாலும் முன்னதன் மூடி சிவப்பாகவும் பின்னதன் மூடி ஆரஞ்சாகவும் இருக்கும். 20 யூனிட் போட வேண்டியவர், 100 யூனிட் மருந்தை 40க்குரிய சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை ஏற்றினால் உடலுக்குள் செல்வது 50 யூனிட். சர்க்கரை சரிந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். மாறாக, 40 யூனிட் மருந்தை 100க்குரிய சிரிஞ்சில் ஏற்றினால் செல்வது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை குறையவில்லையே என்று மருத்துவரும் அளவைக் கூட்டுவார். பின்னர் ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போது, கூட்டிய அளவு முழுவதும் உள்ளே சென்றுவிடும். இத்தனைக்கும் குறிப்பேட்டில் எழுதியிருப்பது என்னவோ ‘20’ என்ற அதே எண்தான்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்திலும் இதே நிலைதான். பராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிலிட்டருக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். “அஞ்சு எம்.எல். கொடு” என்று ஒருவர் சிரப்பை நினைத்துச் சொல்ல, மற்றொருவர் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தால், குழந்தை 500 மில்லிகிராமை விழுங்கிவிடும். சமையலறைக் கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறுபடும். புட்டியுடன் வரும் அளவு மூடியையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ தவிர வேறெதையும் பயன்படுத்தலாகாது.

பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வாங்கி அனுப்பும் குளுக்கோமீட்டர் 7.8 என்று காட்டினால் திகைக்க வேண்டாம். அங்கே அளவு மில்லிமோலில் கூறப்படுகிறது. அதை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான 140 கிடைக்கும். தைராய்டு மாத்திரையில் உள்ள 50 என்பது மைக்ரோகிராம், மில்லிகிராம் அன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு.

இவையெல்லாம் நோயாளிகளுக்கு எதற்கு, மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று கருதுவோர் உளர். அதனை நாங்கள் ஏற்கவில்லை. மருந்து கடைசியாக அளக்கப்படுவது உங்கள் வீட்டில், உங்கள் கைகளால்தான். அதே வேளையில் எங்கள் கடமையும் பெரிது. ‘யூனிட்’ என்பதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எழுதினால் அது பூச்சியமாகத் தோன்றி, 4 என்பது 40 ஆகிவிடக்கூடும். புள்ளிக்கு முன் பூச்சியமின்றி எழுதிய அரை, ஐந்தாகப் படிக்கப்படலாம். ஆகவே சொல்லை முழுமையாகவும், அரையை 0.5 என்றும் எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. எங்கள் சீட்டில் அலகு விடுபட்டிருந்தாலோ தெளிவில்லாமல் இருந்தாலோ தயங்காமல் கேளுங்கள். அது மருத்துவரை மதிக்காத செயல் ஆகாது.

அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டுடன் இன்சுலின் புட்டியையும், சிரிஞ்சையும், வீட்டில் மருந்து அளக்கும் மூடியையும் எடுத்து வாருங்கள். நீங்கள் அளப்பதைச் செவிலியர் ஒருமுறை பார்க்கட்டும். இரண்டு நிமிடம் போதும்.