ஒரு பைசா விலையில் ஊர்ச்செய்தி

செய்தித்தாள் என்றதும், தலைநகரில் உயர்ந்து நிற்கும் மாளிகையும், ஓயாது சுழலும் அச்சுப்பொறியும், சம்பளம் பெறும் நிருபர்களுமே நம் கண்முன் தோன்றுகின்றன. செய்தித்தாளின் பிள்ளைப்பருவத்தை நோக்குவோமாயின், அது எளியோர் எழுதிய கடிதங்களை உண்டு வளர்ந்த குழந்தை என்பது விளங்கும். இம்மாதம் அவ்வரலாற்றைச் சிறிது காண்போம். அதில் நம் தங்கவயலுக்கும் பங்குண்டு.

இங்கிலாந்தில் உள்நாட்டு நடப்பை அச்சிட அரசு நெடுங்காலம் இடங்கொடுக்கவில்லை. 1641ஆம் ஆண்டு ஜூலையில், அச்சகங்களை அடக்கிவந்த நட்சத்திர மன்றம் என்னும் நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே வாரச் செய்தியிதழ் வெளிவந்தது. மறு ஆண்டு, மன்னர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. எட்டுப் பக்கச் சிற்றிதழ்கள் பெரும்பாலும் ஒரு பென்னி விலைக்குத் தெருவில் விற்கப்பட்டன. பாசறையிலிருந்தும் வெளியூரிலிருந்தும் வந்த கடிதங்களே அவற்றுக்கு மூலப்பொருள். 1643இல் மன்னர் தரப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஓர் இதழ் எழுந்தது. அதை மறுக்க லண்டனிலிருந்து மற்றோர் இதழ் எழுந்தது. தம் வெற்றியைப் பெருக்கியும் தோல்வியைச் சுருக்கியும் எழுதுவது இரு தரப்பாருக்கும் வழக்கமாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையில் ஒரு வார இதழ் பிறந்தது. அதை நடத்தியவர் சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர். விலை ஒரு பைசா, அதாவது காலணா. அவ்விலையே பெயராகி 'ஒரு பைசாத் தமிழன்' என அழைக்கப்பட்டது. மறு ஆண்டில் 'தமிழன்' எனச் சுருங்கியது. அதே சென்னையில் 'சுதேசமித்திரன்' அப்போது நாளிதழாகவே வந்துகொண்டிருந்தது. பின் இச்சிற்றிதழ் எதற்கு? சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோரின் குறைகளுக்குப் பெரிய ஏடுகளில் இடம் அரிதாயிருந்தது. ஆகவே, தம் செய்தியைத் தாமே திரட்டித் தாமே அச்சிட வேண்டிய நிலை அவர்களுக்கு நேர்ந்தது. வாசகர் வினா எழுப்பினர், பண்டிதர் விடையளித்தார். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாதார் பலர் சூழ்ந்து கேட்பது அக்காலத்து வழக்கமாதலின், ஒரு பைசாவின் பயன் ஒருவரோடு நில்லாது பலரைச் சென்றடைந்தது.

வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்து, பூமிக்கடியில் பொன் வெட்டிய நம் முன்னோருள் பலர் அவ்விதழைத் தம்முடையதாகவே கொண்டனர். மாரிகுப்பத்துப் பௌத்த சங்கத்தின் செய்திகள் அதில் வெளிவந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தபின் இதழ் தளர்ந்து நின்றது. அதை 1926இல் மீண்டும் தொடங்கி, 1930களிலும் நடத்திவந்தவர் ஜி. அப்பாதுரையார். எங்கிருந்து தெரியுமா? நம் சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து! இலண்டன் கம்பெனிக்குப் பொன்னை ஏற்றி அனுப்பிய இவ்வூர், தமிழுக்கு ஓர் ஏட்டையும் அளித்தது. முன்னதன் கணக்குப் பேரேடுகளில் உள்ளது. பின்னதை நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்?

செய்தியைத் திரட்டுவது ஒரு தொண்டாயின், அதைக் காப்பது மற்றொரு தொண்டு. லண்டன் புத்தக வணிகர் ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை, தெருவில் விற்ற சிற்றேடுகளையும் செய்தியிதழ்களையும் விடாது சேர்த்தார். பலவற்றில் நாளையும் தம் கையால் குறித்தார். சண்டைக்காலத்தில் அவற்றை இடம் மாற்றி மறைத்துக் காத்தார். அத்தொகுதி இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. இங்கும் அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்கள் 'தமிழன்' இதழ்களைப் பேணிக் காத்தனர். அதனாலன்றோ 1999இல் ஞான. அலாய்சியஸ் பண்டிதர் எழுத்துகளைத் தொகுக்கவும், பாளையங்கோட்டையிலிருந்து அவை நூலாக வெளிவரவும் இயன்றது! அவ்வன்பர்கள் பழைய தாள்தானே என்று கடைக்குப் போட்டிருந்தால், ஒரு தலைமுறையின் குரலே அவிந்திருக்கும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் குடும்பங்கள் பல திசைகளில் பிரிந்தன. எஞ்சியோருள் பலர் விடியுமுன் பெங்களூர் இரயிலேறி இரவில் திரும்புகின்றனர். வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுவது பழைய காகிதமே. பாட்டனாரின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் நோட்டீசு, சங்க ரசீது, கிழிந்த இதழ் எதுவாயினும், கரையானுக்கு இரையாகுமுன் எடுத்து, அறிந்த அளவில் நாளும் ஊரும் ஒரு துண்டுத் தாளில் குறித்து உடன் வையுங்கள்.

அவ்வாறே உங்கள் லைன் வீடுகளின் நடப்பையும் நமக்கு எழுதியனுப்புங்கள். பிறப்பு, இறப்பு, திருமணம், குழாயில் நீர் வாராத குறை, தேர்வில் வென்ற பிள்ளையின் பெயர் யாவும் செய்தியே. கண்டது இது, கேட்டது இது எனப் பிரித்தெழுதுதல் நன்று. ஆக்ஸ்ஃபோர்டும் லண்டனும் பிழைத்தது அவ்விடத்திலேதான். நடை திருந்தியிருக்க வேண்டுமென்பதில்லை. ஓர் அஞ்சலட்டையே போதும். மற்றதை நாம் பார்த்துக்கொள்வோம்.