சிவப்பொளிக்கு முன் சூரிய ஒளி

காலையில் மூன்று நிமிடம், மாலையில் மூன்று நிமிடம். மேசைமேல் இருக்கும் கருவியில் கண்களைப் பதித்துச் சிவப்பு லேசர் ஒளியைப் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வை முற்றாமலிருக்கச் சீனாவில் ஏராளமான குழந்தைகள் வீட்டிலேயே பெற்றுவரும் சிகிச்சை இது.

பலன் இருப்பதை மறுப்பதற்கில்லை. 8 முதல் 13 வயது வரையிலான 264 பேரிடம் அங்கு நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி மட்டும் அணிந்தவர்களின் விழி ஓராண்டில் 0.38 மி.மீ. நீண்டது, சிவப்பொளி பெற்றவர்களுக்கு 0.13 மி.மீ.தான். விழி நீள நீளக் கிட்டப்பார்வை முற்றும். பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயமும் கூடும். பெற்றோர் இக்கருவியை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால், ஐந்து மாதம் இதைப் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமியின் விழித்திரை பாதிக்கப்பட்டதை 2023-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. மூன்று நிமிட ஒளியே பாதுகாப்பு வரம்பைத் தொடக்கூடும், தாண்டவும் கூடும் என்று ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளை அளந்து எச்சரித்தனர். சிகிச்சையை நிறுத்தினால் விழி மீண்டும் வேகமாக நீள்வதும் தெரியவந்துள்ளது. 2024 ஜூலை முதல் இவற்றைக் கடும் கட்டுப்பாட்டுக்குரிய மூன்றாம் வகுப்பு மருத்துவக் கருவிகளாகச் சீனா நடத்துகிறது. சரியான முடிவு, குழந்தைகளின் கைக்குக் கருவி போகும் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

செலவில்லாத ஒளி ஒன்று இருக்கிறது. குவாங்சோ நகரின் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வில், ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்றாண்டில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். பகல் வெளிச்சமோ பத்தாயிரத்தைத் தாண்டும். அது விழித்திரையில் சுரக்கச் செய்யும் டோபமைன், விழி நீள்வதைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தைவான் 2010 முதலே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேர வெளிப்புற நேரத்தை வலியுறுத்திவருகிறது.

ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வையைப் பகலொளி அந்த அளவுக்குக் கட்டுப்படுத்துவதில்லை என்பது உண்மை. அந்தக் குழந்தைகளுக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டுமருந்தும் சிறப்புக் கண்ணாடிகளும் இருக்கின்றன. சிவப்பொளி ஆராய்ச்சியும் தொடரட்டும். அதுவரை, விழித்திரைப் பரிசோதனையும் கண் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பும் இல்லாமல் எந்த நாட்டிலும் இக்கருவி வீட்டுக்குள் நுழையக் கூடாது. பாடத்துக்காகப் பறித்த விளையாட்டு நேரத்தைப் பள்ளிகள் திருப்பித் தரட்டும். கிட்டப்பார்வைக்கு எதிரான முதல் சிகிச்சை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.