இரும்பின் இரண்டு எண்கள்

இரும்பு-56 என்று எழுதுகிறோம். இரும்பின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் இரண்டோ மூன்றோ போட்டு, சல்ஃபேட் என்றும் எழுதுகிறோம். இரண்டையும் ஒரே வகை எண்ணாக எடுத்துக்கொண்டுதான் பிள்ளைகள் பலர் குழம்புகிறார்கள். முதலாவது உட்கருவின் கணக்கு. மற்றது எலக்ட்ரான் கணக்கு.

அன்னபேதியைப் பாருங்கள். இளம்பச்சைப் படிகம். ரத்தசோகைக்குத் தரும் மாத்திரைகளில் உள்ள ஃபெரஸ் சல்ஃபேட்தான் இது. இதில் ஒவ்வோர் இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது. அதனால் ரோமன் இரண்டு. ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பச்சை மங்கி, மேலே மஞ்சளும் பழுப்புமாகப் படரும். அங்கே இரும்பு இன்னோர் எலக்ட்ரானையும் விட்டுவிட்டது. இப்போது ரோமன் மூன்று. நிறமே மாறியும் உட்கருவில் ஒன்றும் அசையவில்லை. 26 புரோட்டான்கள் அப்படியே இருக்கின்றன.

சோடியம் சேர்மங்களில் ஒன்றைத்தான் இழக்கும், அதற்கு எண் வேண்டாம். இரும்பும் செம்பும் அப்படியல்ல. இன்னொன்று: மூன்று இழந்த இரும்பின் சல்ஃபேட்டை ‘டிரைசல்ஃபேட்’ என்று எழுதத் தேவையில்லை. சல்ஃபேட்டின் மின்சுமை இரண்டு. இரண்டு இரும்புக்கு மூன்று சல்ஃபேட் சேர்ந்தால் ஆறுக்கு ஆறு சரியாகிவிடும். விகிதத்தை மின்சுமையே சொல்லிவிடுகிறது.

இனி 56. புரோட்டான் 26, நியூட்ரான் 30, கூட்டினால் நிறை எண். இயற்கையில் கிடைக்கும் இரும்பில் நூற்றுக்குச் சுமார் 92 அணுக்கள் இவை. மற்றவை 54, 57, 58. நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டுமே வேறுபடும் இவைதான் ஐசோடோப்புகள். அன்னபேதியில் நான்கும் கலந்தே இருக்கும். வேதிவினையில் அவற்றிடையே வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

இது தேர்வுக்கு மட்டும் உதவும் நுணுக்கம் அல்ல. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் கலந்தவற்றுள் அயோடின்-131 ஒன்று. கதிர்வீசும் அணு, அரை ஆயுட்காலம் சுமார் 8 நாள். கதிர்வீசாத அயோடின்-127ஐயும் இதையும் தைராய்டு சுரப்பியால் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் எலக்ட்ரான் 53தான். ஆபத்து அதில்தான் இருந்தது, தற்காப்பும் அதிலேயே கிடைத்தது. பக்கத்து நாடான போலந்தில் குழந்தைகளுக்குப் பொட்டாசியம் அயோடைடு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். சாதாரண அயோடினால் சுரப்பி நிறைந்துவிட்டால், பிறகு வரும் 131இல் பெரும்பகுதி அங்கே தங்க இடமின்றிச் சிறுநீரோடு வெளியேறிவிடும்.