நாய் ஊசியை விழுங்கினால்

கே: எங்கள் நாய் தையல் ஊசியை நூலோடு விழுங்கிவிட்டது. வாழைப்பழம் கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. மேலேறி வரும் ஊசி உணவுக்குழாயைக் கிழிக்கலாம். நூல் வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினாலும் இழுக்கக் கூடாது. அது குடலை அறுத்துவிடும்.

உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. எனவே நூல் இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள். ஊசி இரைப்பையில் இருக்கும்போதே எண்டோஸ்கோப் மூலம் எடுக்க வாய்ப்புண்டு. நூலோடு குடலுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். நாய் துள்ளி விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள். வாந்தியும் வயிற்று வலியும் தெரியும்போது குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம்.