கால் யாருக்குச் சொந்தம்?

தீபாவளிக்கு மறுநாள் பைராம் தோட்டத்தில் ஒரு காற்பந்தாட்டம் நடக்கும். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். கிண்ணம் என்று பார்த்தால் ஒரு சாண் உயரம்தான். தோற்ற அணி ஆட்டுக்கறிக்குக் காசு போட வேண்டும். நிபோங் திபால், பிறை, புக்கிட் மெர்தாஜாம் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்குத் திடலுக்கு வந்துவிடுவார்கள். தொப்பை தள்ளியவர்களுக்கும் அன்று ஒரு ஜெர்சி உண்டு.

போன தீபாவளிக்கு என் அக்கா மகன் ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வயது 19. ஜனவரியில் ஒரு கிளப்பின் இளையோர் அணிக்குத் தேர்வு இருந்தது. கணுக்கால் பிசகினால் அவ்வளவுதான் என்றான். எங்கள் மாமாவுக்கு, அதாவது அவனுக்குத் தாத்தா முறை, பசியாறக்கூடப் பிடிக்கவில்லை. வைத்த தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"ஊருக்கு ஒரு நாள் ஆடமாட்டானாம். அப்படி என்னம்மா ஆட்டக்காரன் இவன்?" என்று என்னிடம் கேட்டார். வானொலியில் பேசுகிறவள் என்பதால் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை.

மாமாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1974இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அவருக்குப் பதினைந்து வயது. லயத்தில் ஒரே ஒரு வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் வானொலிப் பெட்டி. அதைச் சுற்றி அத்தனை பேர். இறுதியாட்டத்தில் பேராக்கை 2-1 என்று சாய்த்த செய்தி வந்ததும் யாரோ தகர வாளியைத் தட்டிக்கொண்டு ஓடினார்களாம். 1977இல் மறுபடி இறுதியாட்டம். கூடுதல் நேரத்தில் சிங்கப்பூரிடம் 3-2 என்று போனது. அந்த இரவு யாருமே சாப்பிடவில்லை என்பார். ஜோர்ஜ்டவுனில் ஆட்டம் என்றால் பஸ் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, அப்புறம் லோரோங் கூலிட் பக்கத்திலிருக்கும் நகர அரங்கம். பாலம் 1985இல்தான் வந்தது. ஆட்டம் முடிந்து திரும்பும்போது விடிந்துவிடுமாம். அலி பக்கார், ஈசா பக்கார் இரட்டையரைப் பற்றி இன்றைக்கும் சொந்தக்காரப் பையன்கள் மாதிரிப் பேசுவார்.

அந்தக் காலத்தில் மலேசியக் கிண்ணத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு? வேறு ஒன்றுமே இல்லை, அதனால்தான். 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கொடுத்த கோப்பைக்காக 1921இல் தொடங்கிய போட்டி அது. லீக்குக்கென்று தனிக் கோப்பை வந்தது 1982இல். அதுவரை ஒரு மாநிலத்தின் மானம், மரியாதை எல்லாம் அந்த ஒரு கோப்பைக்குள் இருந்தது. ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போனார்கள், சாயங்காலம் பயிற்சிக்குப் போனார்கள். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது, கிண்ணம் மனசுக்காக.

பிறகு எல்லாம் மாறியது. 1994இல் சிங்கப்பூர் பகாங்கை 4-0 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போட்டியிலிருந்தே போய்விட்டது. அதே காலத்தில் ஆட்டத்தை விலை பேசிய ஊழல் வெடித்து, ரசிகர்கள் நொந்துபோனார்கள். இன்று லீக்கில் முதலிடம் பிடித்தால் ஆசியப் போட்டிக்குக் கதவு திறக்கும். கிண்ணம் பருவத்தின் கடைசியில் வரும் திருவிழா மாதிரி. அந்தத் திருவிழாவிலும் ஜொகூர் டாருல் தக்ஸிம்தான் அடிக்கடி தேர் இழுக்கிறது. 2025 ஏப்ரலில் நடந்த இறுதியாட்டத்தில் அவர்களிடம் 2-1 என்று தோற்றது ஸ்ரீ பகாங். சில வாரங்களில் அதே பகாங் அணி அடுத்த சூப்பர் லீக்கிலிருந்து விலகிவிட்டது. இறுதியாட்டம் வரை வந்த அணியே இல்லாமல் போனால் பத்தொன்பது வயதுப் பையன் எதை நம்பி ஓடுவான், சொல்லுங்கள்.

நம் இந்தியர் பக்கமும் அதே கதைதான். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017இல் தேசிய லீக்குக்குள் வந்தபோது எத்தனை பேர் பூரித்தோம்! பின்னாளில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறியது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் ஃபுட்பால் இருக்கிறது, நம் காற்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்து. பருவம் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளுக்கு 'பவுல்' ஆட்டம் என்று ஒரு கெளரவ ஆட்டம் வைப்பார்கள். 2016 ஜனவரி முதல் தேதி அப்படி ஓர் ஆட்டத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித் என்ற பையனுக்கு முழங்கால் போனது. தொழில்முறை அணிகள் முதல் சுற்றிலேயே அள்ளிக்கொள்ளும் என்று பேசப்பட்டவன், இரண்டாம் சுற்றுக்கு இறங்கினான். அந்த வருடம் முழுக்க ஆடவில்லை. அதே ஆண்டுக் கடைசியில் மெக்காஃப்ரி, ஃபோர்னெட் என்ற இரு நட்சத்திரங்கள் பவுல் ஆட்டமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். திட்டாதவர்கள் இல்லை. அடுத்த ஏப்ரலில் இரண்டு பேரையும் முதல் பத்துக்குள் எடுத்தார்கள். பிறகு இது வழக்கமாகிவிட்டது. 2023 பருவத்தின் ஆரஞ்சு பவுலில் பலர் விலகிய ஃபுளோரிடா ஸ்டேட் அணி 63-3 என்று தோற்றது. டிக்கெட் வாங்கி விமானம் ஏறிப் போன ரசிகனை நினைத்துப் பாருங்கள்.

நான் அக்கா மகன் பக்கம்தான். என்னோடு படித்த ஒருவன் இப்படித்தான் ஒரு விழா ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து விழுந்தான். கைதட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சைக்குக் கைதட்டியவர்கள் யாரும் வரவில்லை. இன்று பிறையில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறான். படி ஏறும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவான்.

ஆனால் மாமா சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. 2021இல் கோலாலம்பூர் அணி ஜொகூரை 2-0 என்று வென்று 32 வருடங்களுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது, காற்பந்தே பார்க்காத என் தோழிகள்கூட அழுதார்கள். அந்த அழுகை சும்மா வருமா? பினாங்கு கடைசியாகத் தூக்கியது 1974. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. மாமா இன்னும் காத்திருக்கிறார்.

அன்று காலை அக்கா மகனிடம் போய், "தாத்தா சாப்பிடலைடா" என்றேன். "சித்தி, கால் போச்சுன்னா நீங்க பாப்பீங்களா, தாத்தா பாப்பாரா?" என்று கேட்டான். வானொலியில் பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் ஒரு பாட்டைப் போட்டுவிடுவேன். அங்கே பாட்டு இல்லை.

ஆட்டம் நாலரைக்குத் தொடங்க வேண்டியது. நடுவராக இருக்க வேண்டியவர் தைப்பிங்கில் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டார். "விசிலைக் கொடுங்க" என்று அக்கா மகன் திடலுக்குள் போனான். காலில் பூட்ஸ்கூட இல்லை, சாதாரணக் காலணி. மாமா கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, அவன் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பாதியில் கல்யாணமானவர்கள் அணிக்கு எதிராக அவன் ஒரு பெனால்டி கொடுத்தான். மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய்! கண்ணு தெரியலையா உனக்கு? பந்தைத்தானடா எடுத்தான்!"

"தாத்தா, இன்னொரு தடவை சத்தம் போட்டா மஞ்ச அட்டை!"

திடலே சிரித்தது. மாமா விடவில்லை. ஆட்டம் முடிந்து, கறி வெந்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்தப் பெனால்டியைப் பற்றியே அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையாகச் சோறு வாங்கிக்கொண்டு.